கடையை மூடுவதும் ஒரு வேலைதான்

ஐம்பதை ஒட்டிய வயதில், "மறுபடி ஒரு தொழில் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் சார்" என்று வருகிறவர்களிடம் புதுத் தொழிலைப் பற்றி நான் உடனே கேட்பதில்லை. பழையதை எப்படி மூடினீர்கள் என்று கேட்பேன். பலரிடம் பதில் இருக்காது. "அது அப்படியே நின்னு போச்சு சார்" என்பார்கள். ஷட்டரை இறக்கியாயிற்று, போர்டைக் கழற்றியாயிற்று, அதோடு சரி. ஜிஎஸ்டி எண் இன்னும் உயிரோடு இருக்கும். ரிட்டர்ன் போகாமல் அபராதம் ஏறியிருக்கும். யாரோ ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்குகள் கிடக்கும். பார்ட்னரோடு பேச்சு நின்று வருடங்கள் ஆகியிருக்கும், கூட்டு ஒப்பந்தம் மட்டும் நிற்காமல் இருக்கும்.

மதுரையில் ஆடிட்டராக இருக்கிறேன். விளக்குத்தூண் ஜவுளிக்கடை, கீழமாசி வீதி மளிகை, கே.புதூர் பட்டறை, பைபாஸ் ரோட்டு மெஸ் என்று என்னிடம் இருக்கும் ஃபைல்களில் பாதிக்கு மேல் சிறு வியாபாரிகளுடையவை. நொடித்தவர்களையும் பார்க்கிறேன், நொடித்து எழுந்தவர்களையும் பார்க்கிறேன். உழைப்பிலோ சாமர்த்தியத்திலோ இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எழுந்தவர்கள் பழைய கணக்கை முடித்துவிட்டு வந்தவர்கள். மற்றவர்களுக்கும் தொழில் தெரியும், ஆசையும் இருக்கும். ஆனால் வங்கிக்குப் போனாலும் சப்ளையரிடம் போனாலும் பழைய பாக்கி அவர்களுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

"விட்ட இடத்துலதான் பிடிக்கணும்" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. கணக்கில் எழுதிப் பார்த்தால், மாதம் நாற்பதாயிரம் கைநஷ்டம் தரும் கடைக்கு இன்னும் ஒன்றரை வருடம் வாடகை கட்டுவது என்று அதற்குப் பொருள். முதலில் மனைவியின் நகை அடகுக்குப் போகும். பிறகு மாமனார் வீட்டுப் பத்திரம். அப்புறம் தினவட்டி. இதற்கும் விடாமுயற்சி என்றே பெயர் வைக்கிறார்கள். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் கைதட்டு வாங்கும் ஆட்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சு வந்தால் மதுரைக்காரர்கள் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-இல், தம் 58-ஆம் வயதில், வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கினார். குடும்பமே வீட்டை அடமானம் வைத்து, நகையை வைத்துப் பணம் புரட்டியது. "அவரே வச்சாரு, நான் வச்சா என்ன சார்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இந்தக் கதையின் முன்பாதியை யாரும் சொல்வதில்லை. அவர் மகப்பேறு மருத்துவராக வர விரும்பியவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் பிடித்து, 1948-இல் பணியை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. விரல்கள் கோணிப்போயின. அந்தக் கையை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது என்று தெரிந்ததும் அந்த ஆசையை அங்கேயே முடித்துக்கொண்டு கண் மருத்துவம் படித்தார். 1956 முதல் இருபது ஆண்டுகள் மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவை நடத்தினார். வீட்டை அடமானம் வைத்த நாளில் அவரிடம் அந்தத் தொழிலில் இருபது வருடக் கைப்பழக்கம் இருந்தது, கூடவே கண் மருத்துவர்களான தங்கையும் தங்கை கணவரும் இருந்தார்கள். முடியாது என்று தெரிந்ததை விட்டதும், முடியும் என்று தெரிந்ததில் வீட்டை வைத்ததும் ஒரே மனிதர்தான். நம் ஆட்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ரெடிமேட் கடைக்காரர்

விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் கடை வைத்திருந்தவர் ஒருவர். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஆன்லைன் வியாபாரம் வந்து பாதி கூட்டத்தைக் கொண்டுபோனது, மீதியைக் கொரோனா ஊரடங்கு முடித்துவைத்தது. அப்போது அவருக்கு வயது 46. திருப்பூர், ஈரோடு சப்ளையர்களுக்குப் பெரிய பாக்கி, வங்கியில் ஓ.டி. (இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) கணக்கு நிரம்பிக் கிடந்தது. ஐ.பி. கொடுத்துவிடு என்பது சொந்தக்காரர்கள் சொன்ன யோசனை. மஞ்சக் கடுதாசி என்று நாம் சொல்வது அதைத்தான். 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டப்படி நீதிமன்றத்தில் போடும் மனு. உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லாதவருக்குச் சட்டம் தரும் வழி அது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அடமானம் வாங்கிய வங்கியின் உரிமையை அது தொடாது என்பது பலருக்குத் தெரியாது. வீட்டைக் காப்பாற்ற ஐ.பி. கொடுத்துவிட்டு, வீட்டையும் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அவர் ஐ.பி. கொடுக்கவில்லை. முதலில் ஸ்டாக்கைப் பில் போட்டு அடக்க விலைக்கும் கீழே தள்ளினார். ஜிஎஸ்டி எண்ணை ஒப்படைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ரத்து செய்யும் நாளில் கையிருப்பில் சரக்கு இருந்தால், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிப் பிறகு கழித்துக்கொண்ட வரியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். பிறகு ரத்து மனு, அது முடிந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன். இதைப் போடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ரத்து ஆர்டர் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எண்ணை ரத்தே செய்யாமல் விட்டவர்களுக்கோ, வியாபாரம் பூஜ்யமாக இருந்தாலும் மாத ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய் வீதம், ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை அபராதம் ஓடும். தொகை சிறிதுதான். ஆனால் கடைசியில் அதிகாரியே எண்ணை ரத்து செய்துவிட்டால், நீங்கள் 52 வயதில் அதே பான் எண்ணில் புதிதாக விண்ணப்பிக்கும்போது பழைய எண் ஏன் ரத்தானது என்ற கேள்வி அங்கே காத்திருக்கும்.

அடுத்து சப்ளையர்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவருடைய மைத்துனர் குறுக்கே வந்தார். "எழுதிக் கொடுத்தா மாட்டிக்குவோம் சார். மூணு வருஷம் தள்ளிட்டா நோட்டே செத்துப்போயிரும்." சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. கடனை வசூலிக்க வழக்குப் போடக் கெடு பொதுவாக மூன்று ஆண்டுகள். கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்குக் கையெழுத்துச் சான்று இருந்தாலோ, அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அதனால் எழுதிக் கொடுப்பதற்கு முன் வக்கீலைப் பார்த்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் மூன்று வருடம் ஒளிந்து கடனைக் கொன்றவர்களில் அதே சந்தையில் மறுபடி சரக்கு எடுத்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஜவுளி சந்தை அப்படி. ஈரோட்டில் நடந்தது திருப்பூரில் மாலைக்குள் தெரியும்.

எழுதிக் கொடுத்தார். கட்டுவதற்கு வருமானம் வேண்டுமே? தெற்கு மாசி வீதியில் வேறொரு கடைக்கு சேல்ஸ்மேனாகப் போனார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "முதலாளியா இருந்த ஊருலயே கவுன்டர்ல நிக்கச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். பழைய கஸ்டமர் வந்தால் உள்ளே குடோனுக்குப் போய்விடுவாராம், ஆரம்ப மாதங்களில். அப்புறம் போகவில்லை. அந்தக் கடையில்தான் பள்ளிச் சீருடை ஆர்டர்கள் எப்படி வருகின்றன, எந்த மாதம் துணி எடுக்க வேண்டும், எந்தப் பள்ளி பணத்தை இழுத்தடிக்கும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டார். சொந்தக் கடையில் முதலாளி நாற்காலியில் இருந்த வரை அவருக்கு இதெல்லாம் தெரியாது.

51 வயதில் வில்லாபுரத்தில் நான்கு மெஷின் போட்டுச் சீருடை தைக்க ஆரம்பித்தார். முதல் லோடு துணியைக் கடனுக்குக் கொடுத்தவர் பழைய ஈரோட்டு சப்ளையர். அவரிடம் கணக்கு ஒத்துப்பார்க்க நான் போன் செய்தபோது அவர் சொன்னது: "கொரோனாவுல எனக்கு எத்தனையோ பேரு கம்பி நீட்டிட்டாங்க. இவரு ஒருத்தருதானுங்க மாசாமாசம் அனுப்புனாரு, மூவாயிரம்னாலும் அனுப்புனாரு." இன்றைக்கு வில்லாபுரத்தில் மெஷின்கள் கூடியிருக்கின்றன. கோடீஸ்வரர் ஆகிவிடவில்லை. பெண்ணின் கல்யாணத்தைக் கடனில்லாமல் முடித்தார்.

நஷ்டத்தை நஷ்டம் என்று எழுதுங்கள்

என் துறை சார்ந்த ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடை சாகும் தறுவாயில் இருக்கும்போதுதான் பலர் ரிட்டர்னில் லாபம் காட்டுகிறார்கள். ஓ.டி. புதுப்பிக்க வேண்டும், வங்கி லாபம் கேட்கிறது, "ஒரு அஞ்சு லட்சம் லாபம் போட்டு விடுங்க சார்" என்பார்கள். இல்லாவிட்டால் உத்தேச வரித் திட்டத்தில், விற்றுமுதலில் எட்டு சதவீதமோ ஆறு சதவீதமோ லாபம் என்று போட்டு முடித்துவிடுவார்கள். நிஜ நஷ்டம் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சட்டம் நஷ்டக்காரருக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்து, நஷ்டத்தை முறையான கணக்கோடு காட்டியிருந்தால், அந்த வியாபார நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். பழைய கடை மூடியிருந்தாலும் பரவாயில்லை, புதுத் தொழில் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. தனிநபருக்கு இப்போது புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராதே, இது எதற்கு என்று கேட்கலாம். சின்ன வருமானக்காரருக்குப் பெரிய ஆதாயம் இல்லைதான். ஆனால் ஐம்பதுக்கு மேல் பிடித்து எழுகிற சிலர் மூன்றாம் வருடத்திலேயே அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். வங்கியிலும், "அந்த வருடம் ஏன் கடன் தவறியது?" என்று மேனேஜர் கேட்டால், நஷ்டம் காட்டிய ரிட்டர்ன்தான் நம்பும்படியான பதில். அதே வருடம் ஐந்து லட்சம் லாபம் காட்டியிருந்தால், லாபம் இருந்தும் கட்டாதவர் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

கூட்டு வியாபாரமாக இருந்தால் விஷயம் வேறு. நஷ்டம் ஃபர்முக்குச் சொந்தம், பார்ட்னர் அதைத் தம் பெயருக்குக் கொண்டுபோக முடியாது. அதைவிட முக்கியம், பார்ட்னர்ஷிப்பைக் கலைத்தால் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, அறிவிப்பு வரும் வரை பழைய பார்ட்னர் ஃபர்ம் பெயரில் செய்கிற காரியங்களுக்கு வெளியாட்களிடம் நீங்களும் பொறுப்பாவீர்கள். "நாங்க பேசிப் பிரிஞ்சுட்டோம் சார்" என்பது உங்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும்.

வங்கியும் வட்டிக்காரரும்

வங்கித் தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும். ஆட்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, அடமானச் சொத்தை வங்கியே எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 60 நாள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு. போக வேண்டிய நேரம் முதல் தவணை தவறும்போதே. சிறு, குறு தொழில்களுக்குத் தவணையை மாற்றி அமைக்கவும் மறுசீரமைக்கவும் ரிசர்வ் வங்கி 2016-இலேயே ஒரு வழிமுறை வகுத்திருக்கிறது. தொழில் நடத்துகிறவரே எழுதிக் கேட்கலாம். மேனேஜர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

ஒன்-டைம் செட்டில்மென்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறைத்துக் கட்டி முடித்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அது பல ஆண்டுகள் அங்கேயே நிற்கும், அடுத்த கடனுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேறு வழியே இல்லாதவர் செய்யட்டும். முழுதாகக் கட்டும் தெம்பிருந்தும் சில லட்சம் மிச்சம் என்று ஆசைப்பட்டுச் செய்கிறவர்கள் தங்கள் இரண்டாவது தொழிலைத்தான் விற்கிறார்கள். எப்படி முடித்தாலும் 'நோ டியூ' சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களில், மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தராவிட்டால், தாமதத்துக்குக் காரணம் கடன் கொடுத்தவர் தரப்பு என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் அறிக்கையையும் வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் இலவசமாகப் பெறலாம். முடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டுவது நான் அடிக்கடி பார்ப்பது.

பைபாஸ் ரோட்டில் மெஸ் நடத்தியவர் ஒருவர், வங்கித் தவணை தவறக் கூடாது என்று மீட்டர் வட்டிக்கு வாங்கி வங்கிக்குக் கட்டினார். சிபில் நன்றாகத்தான் இருந்தது, ஒரு வருடம் வரை. பிறகு இரண்டும் போயிற்று. வட்டிக்காரரிடம் கொடுத்த வெற்றுச் செக்குகள் அப்படியே இருக்கின்றன. வங்கிக் கணக்கை மூடிவிட்டால் செக் செல்லாமல் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செல்லாது என்பது சரி, ஆனால் 'கணக்கு மூடப்பட்டது' என்று திரும்பும் செக்குக்கும் செக் மோசடி வழக்கு வரும். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள வழக்கு. நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டவோ, வக்கீல் மூலம் பதில் தரவோ வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது பலன் தராது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் எல்லாமே 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்தின்படி குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள், ஏனென்றால் வட்டிக்காரர் தெரிந்தவராக, சில சமயம் சொந்தக்காரராக இருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் ஜிபே, வங்கி மூலம் போன வட்டிக்குத் தடயம் இருக்கும். அதை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஸ்காரரின் மனைவி ஒரு நாள் கூட வந்திருந்தார். கடன் பட்டியலை நான் வாசித்தபோது பாதியில் நிறுத்தச் சொன்னார். "இவ்வளவு இருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது சார்." கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மறைத்து வைத்த கடன்தான் ஆளை அதிகமாக அழிக்கிறது. தொகை சின்னதாக இருந்தாலும் அதே கதைதான். வெளியே தலைகாட்ட முடியவில்லை, தூக்கம் இல்லை, செத்தால் தேவலை என்று யாராவது பேச ஆரம்பித்தால் கணக்கை அப்புறம் பார்க்கலாம். மனநல ஆலோசனை கிடைக்கும் 14416 அல்லது 104-க்கு அழையுங்கள், இரண்டும் இலவசம். ஆடிட்டர் அலுவலகத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இருக்கும், ஆனால் என்னிடம்தான் முதலில் சொல்கிறார்கள்.

வயது ஒரு தடையா என்று கேட்பவர்களுக்கு: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 18 வயது முடிந்திருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரையான திட்டங்களுக்கு, பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். ஏற்கனவே வேறு அரசு மானியம் வாங்கித் தொழில் நடத்தியவருக்கு இதில் இடமில்லை, அதை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். கைவினைத் தொழில் தெரிந்தவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். அது 35 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே வந்தது. சிறு தொழில்களுக்கான முத்ரா கடனில் 'தருண் பிளஸ்' என்று 20 லட்சம் வரை தருகிறார்கள், முன்பு தருண் கடன் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு மட்டும். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டாயிரம் கேட்கும் புரோக்கரிடம் போகாதீர்கள். திட்டத்தில் வயது வரம்பு இல்லாவிட்டாலும் மேனேஜர், கடன் முடியும்போது உங்களுக்கு என்ன வயது இருக்கும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்ப்பார். தொழிலில் கூட நிற்கும் மகனோ மகளோ இருந்தால் ஆரம்பத்திலேயே அழைத்துப் போவது நல்லது.

ஆடிட்டரைப் பார்க்கப் போகிறவர்கள் கடைசி மூன்று வருட ரிட்டர்ன், எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், வந்த நோட்டீஸ்கள் (பிரிக்காமல் வைத்திருக்கும் கவர்கள் உட்பட), யார் யாரிடம் எத்தனை செக் இருக்கிறது என்ற பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் தனியாக, மனைவியையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதாக இருக்கட்டும். அதில் மச்சான் கொடுத்த கைமாற்றும் இருக்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுகிறார்கள், முதலில் கேட்டு வருவதும் அவர்தான்.